அமுங்கிப் போகும் பிரேக்: தாப்பாவுக்கு இறங்கும் முன் பாருங்கள்

லெம்பா பெர்த்தாம்: பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் நெரிசலில் கார் நிற்கிறது. பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பழையபடி பிடிக்கிறது. "ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடும்" என்று அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. சமவெளியில் இது சில காலம் ஓடும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும் 59-ஆம் எண் சாலையில் ஓடாது.

ஒரு டன் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். என்ஜினும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கும். மீதி அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக இறங்குகிறது.

லோரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் அப்படி எதுவும் இல்லை. கைமாறும்போதுதான் சோதிக்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டுப் பழைய கஞ்சிலையோ சாகாவையோ ஓட்டும் குடும்பத்துக்கு, பிரேக்கைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் அவர்கள் தலையில்தான்.

முதலில் பானெட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. நான்கு சக்கரங்களின் உட்பக்கம், ரப்பர் குழாய்கள், பெடலுக்கு அடியில் உள்ள கம்பளம் ஆகிய இடங்களில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மாஸ்டர் பம்ப்பின் பின்புறம் ஒழுகும் எண்ணெய் சர்வோவுக்குள் போய்விடும். வெளியே சொட்டுகூடத் தெரியாது.

பலரை ஏமாற்றுவது அடுத்த வகை. எண்ணெய் சொட்டும் குறையவில்லை, எங்கும் ஈரமில்லை, ஆனாலும் பெடல் அமுங்குகிறது. மாஸ்டர் பம்ப்புக்குள் பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வளையங்கள் உள்ளன. அவை தேய்ந்தாலோ, உள்சுவர் துருவேறிக் குழி விழுந்தாலோ, அழுத்தப்பட்ட எண்ணெய் ரப்பரைத் தாண்டிப் பின்னால் கசிந்து புட்டிக்கே திரும்பிவிடும். அதனால்தான் அளவு குறைவதில்லை. வேகமாக மிதித்தால் ரப்பர் விரிந்து பிடித்துக்கொள்ளும். மெதுவாக மிதித்தால் வழிவிடும். சோதிப்பதும் எளிது: சமதரையில் என்ஜினை ஓடவிட்டு, பெடலை லேசாக மிதித்து அரை நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். கால் கீழே போய்க்கொண்டே இருந்தால், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், சந்தேகம் மாஸ்டர் பம்ப் மேல்தான். என்ஜினை முடுக்கும் அந்த ஒரு கணத்தில் பெடல் சற்று இறங்குவது சர்வோவின் வேலை. அதற்குப் பயப்பட வேண்டாம்.

பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயர்ந்து அப்படியே நின்றால், பின் டிரம் பிரேக்கின் லைனிங் தேய்ந்திருக்கலாம்.

மலைக்கே உரிய வகை ஒன்றும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். தாப்பா சேர்ந்து ஆறிய பிறகு பட்டறையில் காட்டினால் எல்லாம் சரியாகவே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவதும், இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவதும் இதற்கு மருந்து. ஆட்டோ காரிலும் 'எல்' அல்லது '2' அதற்காகவே இருக்கிறது.

தோட்டங்களில் இன்னும் உழைக்கும் பழைய லேண்ட் ரோவர்களைத் தனியே சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு குழாய் அறுந்தால் நான்கும் போச்சு. பிற்காலக் கார்களில் இரண்டு சுற்றுகள் இருப்பதால் ஒன்று போனாலும் பாதி பிரேக் மிஞ்சும்.

மாஸ்டர் பம்ப் கெட்டால் ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் உள்சுவரில் குழி இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். முழு பம்ப்பையும் மாற்றுவதே மேல். ஹாஃப்-கட் கடையில் வாங்கும் பழைய பம்ப்பின் ரப்பர் எத்தனை வயது என்று யாருக்குத் தெரியும்? மாற்றியபின் நான்கு சக்கரத்திலும் காற்று எடுக்க வேண்டும்; எதில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். அந்த வேளையில் புட்டி வற்றவே கூடாது. பழைய பம்ப்பை வைத்துக்கொண்டு காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். வழக்கமாக ரப்பர் போகாத துருப்பிடித்த பகுதியில் உரசி, நல்ல ரப்பரும் கிழிந்துவிடும். அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயை ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர் அனைத்தும் ஊதிக் கெடும்.

வழியிலேயே பெடல் அமுங்கினால் விட்டுவிட்டு வேகமாக மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், கைப்பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுங்கள். அது கேபிளில் இயங்குவதால் எண்ணெய் போனாலும் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரில் மட்டும் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் ஷாஃப்டில் இருக்கிறது. ஓடும்போது அதை இழுப்பது கடைசி வழி.

பட்டறையிலிருந்து கார் வந்ததும் சமதரையில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் எண்ணெய் அளவை மீண்டும் பார்த்த பிறகு தாப்பாவுக்கு இறங்கலாம்.