சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு உத்தியோக நிமித்தமாகப் புறப்படுகிற நம்மவருக்கு, முன்னமே அங்கே குடியேறிய உறவினர் சொல்லியனுப்பும் புத்திமதிகளில், ஒருவருடைய வயதையும் உடற்பருமனையும் மதத்தையும் விசாரிக்கலாகாது, முன்கூட்டித் தெரிவிக்காமல் எவர் வீட்டுக் கதவையும் தட்டலாகாது, அறிமுகமில்லாத குழந்தையைக் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சலாகாது என்பவை தவறாமல் இடம்பெறும். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, சம்பளம் எவ்வளவு என்று யாரையும் கேட்டுவிடாதே என்ற எச்சரிக்கையும் வரும். ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் திண்டிவனம் தாண்டுவதற்குள் இவ்விஷயத்தை விசாரித்து முடித்துவிடுகிற நமக்கு அவ்வெச்சரிக்கை அவசியமானதே. ஆயினும் மற்றவற்றைப்போல இதை வெறும் ஆசாரமாக எண்ணிவிடுகிறவர், தமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையைத் தாமே கைவிட்டவராகிறார்.

விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் வருமானத்தைக் கேட்பது அநாகரிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஸ்தாபனத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வது, 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் தனியார் துறை ஊழியரில் பெரும்பாலோருக்கு அளித்துள்ள உரிமை. சம்பளத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டுமென்று முதலாளி விதி எழுதி, அதன் கீழ் ஊழியரிடம் கையொப்பமும் வாங்கியிருந்தாலும் அவ்விதி செல்லாது. பேசினார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதும் சட்டவிரோதம். அரசாங்க ஊழியர், விவசாயத் தொழிலாளர், மேற்பார்வையாளர் போன்றோர் இச்சட்டத்துக்குப் புறம்பானவர்கள். சம்பளக் கணக்குகளைப் பார்க்கும் பொறுப்பிலுள்ளவர் பிறருடைய தொகைகளை வெளியிட்டாலும் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

மௌனத்தின் விலை இன்னதென்று அறிய லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணியின் வழக்கைப் பார்ப்பதே போதும். அலபாமா மாநிலத்துக் காட்ஸ்டன் நகரில் குட்இயர் டயர்த் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வைப் பதவி வகித்த அவர், தம்மோடு சமமான பதவியிலிருந்த ஆண்களைவிடத் தமக்குக் குறைவாகக் கொடுக்கப்படுகிறது என்பதை, உத்தியோகத்தின் கடைசிக் காலத்தில், பெயர் குறிப்பிடாத எவரோ எழுதி வைத்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுதான் அறிந்தார். அவருக்கு மாதம் 3,727 டாலர்; ஆண்களில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கே 4,286 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பாரபட்சமான சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட 180 நாளுக்குள் அவர் முறையிடவில்லை என்ற காரணத்தால், 2007-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அடுத்தவர் சம்பளமே தெரியாதவள் எதைக் கொண்டு 180 நாளுக்குள் முறையிடுவாள்? மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார். 2009-இல் நிறைவேறிய, லெட்பெட்டரின் பெயரையே தாங்கிய சட்டம், பாரபட்சமான ஒவ்வொரு சம்பளப் பட்டுவாடாவின்போதும் காலக்கெடு புதிதாகத் தொடங்கும் என்று ஆக்கிற்று. லெட்பெட்டருக்கோ அச்சட்டத்தால் ஒரு டாலரும் கிடைக்கவில்லை.

ஹெச்-1பி விசாவில் செல்கிற நம் இளைஞர் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவருடைய சம்பளம், அந்த ஸ்தாபனம் அதே வேலைக்கு அத்தகைய தகுதியுள்ளவர்களுக்குக் கொடுப்பது, அவ்வட்டாரத்தில் அவ்வேலைக்கு நிலவுவது ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையலாகாது. அத்தொகையைக் குறிப்பிட்ட அறிவிப்பை வேலை நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவோ மின்னணு முறையில் தெரிவிக்கவோ வேண்டும். இச்சம்பளம் குறித்து முதலாளி தொழில் இலாகாவுக்குச் செய்யும் விண்ணப்பத்தின் நகலையும் ஊழியரிடம் கொடுத்தாக வேண்டும். ஊரே பேசக் கூசுகிற தொகை, இவர் விஷயத்தில் சுவரில் தொங்குகிறது! பிராஜெக்ட் இல்லையென்று பெஞ்சில் உட்கார வைத்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதும் குற்றமே. இதற்கு அமெரிக்கத் தொழில் இலாகாவின் கூலி மற்றும் வேலை நேரப் பிரிவிடம் 12 மாதத்துக்குள் முறையிடலாம். வேலை போய்விட்டாலும், தங்குவதற்கு அளிக்கப்பட்ட அனுமதிக் காலம் அதற்கு முன்பே முடியாதிருந்தால், 60 நாள் வரை அங்கே தங்கி வேறு வேலை தேட இடமுண்டு என்பதை, பயந்து வாய் மூடியிருப்பவர் அறிந்திருப்பது நல்லது.

சம்பளப் பேச்சைக் கூச்சமாகக் கருதும் அந்நாட்டில், உணவு விடுதிப் பரிசாரகருக்குச் சாப்பிட வந்தவரே பெரும்பகுதிச் சம்பளம் கொடுக்கிறார் என்பது என் மனத்துக்கு இன்றும் விநோதமாகவே படுகிறது. மத்திய சட்டப்படி அவருக்கு முதலாளி நேராகக் கொடுக்க வேண்டிய கூலி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான், பல மாநிலங்களில் இதைவிட அதிகம். டிப்ஸும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை எட்டாவிட்டால் குறையை முதலாளி ஈடுசெய்ய வேண்டும். டிப்ஸில் அவர் கைவைக்கலாகாது. ஆகையால் சாப்பாட்டுத் தொகையில் 15 முதல் 20 சதவீதம் வைப்பதைத் தானதர்மமாகக் கருதலாகாது.

புதிய வேலைக்கான பேட்டியில் பழைய சம்பளத்தைக் கேட்டால் கலிபோர்னியா, மாஸசூஸெட்ஸ் போன்ற மாநிலங்களில் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2018 முதல் அங்கே அக்கேள்வியே தடைசெய்யப்பட்டது. சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் தேசியத் தொழிலுறவு வாரியத்திடம் ஆறு மாதத்துக்குள் புகார் செய்யவேண்டும். கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆண் பெண் என்றோ இனம், மதம் என்றோ பாரபட்சம் காட்டப்பட்டிருந்தால் சமவேலைவாய்ப்பு ஆணையத்தை நாடவேண்டும். காலக்கெடு 180 நாள், அதேபோன்ற சட்டத்தை நடத்தும் அமைப்புள்ள மாநிலங்களில் 300 நாள். சம்பளச் சீட்டுகளையும், மேலதிகாரி வாய்மொழியாக விதித்த தடையின் தேதியையும் வீட்டில் எழுதி வைத்திருப்பவருக்கே இவ்விடங்களில் வழக்கு எளிதாகும்.

கேட்பதற்கு உரிமை உண்டே ஒழிய, பதில் பெறுவதற்கு உரிமை இல்லை. சக ஊழியர் சொல்ல விரும்பாவிட்டால் மறுமுறை கேட்காதிருப்பதே முறை. தம்முடைய தொகையை முதலில் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் இல்லாத இடத்தில், இடைவேளையில் கேட்பவருக்கு, பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் விடை கிடைக்கிறது.