கோபித்தவருக்குக் கப்பல் டிக்கெட்!

லண்டன் லார்ட்ஸ் மைதானம். 1936-ம் ஆண்டு, ஜூன் மாதம். இங்கிலாந்தில் சுற்றுப் பயணம் செய்துகொண்டிருந்த இந்தியக் கிரிக்கெட் கோஷ்டிக்கும், மைனர் கவுண்டீஸ் கோஷ்டிக்கும் பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டக்காரர்களின் அறையிலே ஒரு வாலிபர் காலில் 'பாட்' கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு விக்கெட் விழுந்தது. அவர் முறை வரவில்லை, வேறொருவர் அனுப்பப்பட்டார். இன்னொரு விக்கெட் விழுந்தது. அப்போதும் வேறொருவர்! கட்டிய பாட் கட்டியபடியே இருந்தது. மாலை மங்கி, அன்றைய ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோதுதான் அவருக்கு அழைப்பு வந்தது.

ஆடிவிட்டுத் திரும்பிய வாலிபர், மட்டையையும் பாடையும் அறையின் மூலையிலே வீசி எறிந்தார். மனத்தில் இருந்ததையெல்லாம் பஞ்சாபியில் கொட்டித் தீர்த்தார். விஷயம் காப்டனின் காதுக்கு எட்டியது. 'இந்த ஆள் இனி நம்முடன் வேண்டாம். ஊருக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்' என்று தீர்மானமாயிற்று.

அந்த வாலிபர்தான் லாலா அமர்நாத்!

யார் இந்த அமர்நாத்?

சாதாரண ஆட்டக்காரராக இருந்தால் இந்தச் சம்பவம் இத்தனை காலம் பேசப்பட்டிராது. 1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. எதிரே டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்துக் கோஷ்டி. அமர்நாத்துக்கு அதுவே முதல் டெஸ்ட், வயது 22. அதில் அவர் 118 ரன்கள் குவித்தார். டெஸ்ட் பந்தயத்தில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் செஞ்சுரி அது. ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து மாலை சூட்டினார்கள். பெண்கள் தங்கள் நகைகளையே கழற்றிப் பரிசாக எறிந்தார்கள் என்று சொல்வதுண்டு.

1936 சுற்றுப் பயணத்திலும் அவர் சோடை போகவில்லை. ஜூன் மாதத்துக்குள் 613 ரன்கள், 32 விக்கெட்டுகள்! எஸ்ஸெக்ஸ் கோஷ்டியுடன் ஆடியபோது இரண்டு இன்னிங்ஸிலும் செஞ்சுரி. முதல் டெஸ்ட் பந்தயத்துக்குச் சில தினங்களே இருந்தன. அந்தச் சமயத்தில்தான் அவரைக் கப்பலேற்றத் தீர்மானித்தார்கள்.

தண்டித்தவர் யார்?

காப்டன், விஜயநகரம் மகாராஜகுமார். 'விஜ்ஜி' என்றால் கிரிக்கெட் உலகம் முழுவதும் தெரியும். பணமும் செல்வாக்கும் நிறைந்தவர். கிரிக்கெட்டுக்காகத் தாராளமாகச் செலவழித்தவர். ஆனால் ஆட்டத் திறமை? அந்த ஆண்டு மூன்று டெஸ்ட் பந்தயங்களில் அவர் எடுத்த ரன்கள் மொத்தம் 33. அனுபவம் மிக்க சி. கே. நாயுடு அதே கோஷ்டியில், அவருக்குக் கீழே ஆடவேண்டி இருந்தது.

மானேஜர் மேஜர் பிரிட்டன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். காப்டனும் மானேஜரும் ஒரே முடிவாக இருந்தார்கள். மூத்த ஆட்டக்காரர்கள் பரிந்து பேசியும் பலன் இல்லை. அமர்நாத் 'கெய்ஸர்-இ-ஹிந்த்' கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டார்.

பலன் என்ன? லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் இந்தியாவுக்கு ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 ரன்கள் குவித்து மானத்தைக் காப்பாற்றினார்கள். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஓவல் மைதானத்தில் மீண்டும் ஒன்பது விக்கெட் தோல்வி.

கோஷ்டிக்குள் கோஷ்டி

நாட்டிலே ஒரே கூச்சல். கிரிக்கெட் போர்டு விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி ஸர் ஜான் போமான்ட் தலைமையில் அமைந்த கமிட்டி, 1937 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது.

அமர்நாத்தின் மீது சாட்டப்பட்ட குற்றங்களிலிருந்து அவரைக் கமிட்டி விடுவித்தது. அத்துடன் நிற்கவில்லை. விஜ்ஜி தம்மைச் சுற்றி ஒரு தனிக் கூட்டம் சேர்த்துக்கொண்டார். பந்து தடுப்பவர்களை எங்கே நிறுத்துவது, பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது என்பது அவருக்குத் தெரியவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் வாரக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் அடுக்கியது.

எல்லாவற்றையும் விட முக்கியமான குறை ஒன்று: யாருக்குப் பின் யார் ஆடப் போவது என்பதற்கு அந்தக் கோஷ்டியில் ஒழுங்கான வரிசையே இல்லை! அமர்நாத் மட்டையை வீசி எறிந்தது எதனால் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு குறையிலேயே அவர் வழக்கு முழுவதும் அடங்கியிருப்பது புரியும்.

சென்னையிலிருந்து அந்தச் சுற்றுப் பயணத்துக்குப் போனவர் எம். ஜே. கோபாலன். ஹாக்கியிலும் சூரர். பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கும் அழைப்பு இருந்தது. அதை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்தார். ஹாக்கி கோஷ்டி பெர்லினில் தங்கப் பதக்கம் பெற்றது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் கூடக் கிட்டவில்லை. மற்றொரு சென்னைக்காரரான சி. ராமஸ்வாமிக்கு வயது 40. இரண்டாவது டெஸ்டில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நன்றாகவே ஆடிக் காட்டினார். பொறுமையாகக் காத்திருந்தவர்கள் கதையும் இப்படித்தான்!

பத்து ஆண்டு கழித்து

தீர்ப்பு வந்துவிட்டது. போன மூன்று டெஸ்டுகள் திரும்பி வருமா? அதற்குப் பிறகு உலக யுத்தம் வந்தது. 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடிய அமர்நாத், அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில். இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள்! ஓர் ஆட்டக்காரனின் வாலிபமே அதற்குள் கரைந்துவிடும்.

திரும்பி வந்த இடம் எது தெரியுமா? அதே லார்ட்ஸ்! ஹட்டன், காம்ப்டன், ஹாமண்ட் என்று இங்கிலாந்தின் பெருந்தலைகளைச் சாய்த்தார் அமர்நாத். இந்தியா அந்தப் பந்தயத்தில் தோற்றாலும், அவர் 118 ரன்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். முதல் டெஸ்டில் மட்டையால் எடுத்ததும் 118. திரும்பி வந்தபோது பந்து வீச்சில் கொடுத்ததும் 118!

1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் காப்டனாக ஆஸ்திரேலியா சென்றார். ஆனால் சுபாவம் மட்டும் மாறவில்லை. கட்டுப்பாட்டை மீறினார் என்று 1949-ல் கிரிக்கெட் போர்டே அவரை நீக்கி வைத்தது. மறுபடி எழுந்தார். 1952-ல் பாகிஸ்தானுடன் நடந்த டெஸ்ட் தொடரை அவர் தலைமையில் இந்தியா வென்றது. இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அதுவே. பின்னர் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டிக்கும் தலைவரானார். 2000-ல், 88-வது வயதில் காலமானார்.

யார் மீது குற்றம்?

மட்டையை வீசி எறிந்தது சரியா? சரியல்ல. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் கோஷ்டிக்குக் கட்டுப்பட வேண்டியவன்தான். ஒருவனுடைய கோபத்தைப் பொறுத்துக்கொண்டே போனால் பத்துப் பேரின் ஒழுங்கு குலையும். ஆகவே, தலைவன் தண்டிக்கத்தான் வேண்டும். ஓர் ஆட்டம் உட்கார வைப்பதிலும் தவறு இல்லை.

ஆனால் வரிசையைக் கேட்கிற தலைவன் தானும் வரிசையோடு நடக்க வேண்டாமா? அந்த ஜூன் மாத மாலையில், பாட் கட்டியவரை அவர் முறைப்படி ஆட அனுப்பியிருந்தால், கப்பல் டிக்கெட்டுக்கே வேலை இருந்திராது.