வெறிதாய் விடப்பட்ட எட்டு இருக்கைகள்

நினைவு பெருகவேண்டின் மனனஞ் செய்க என மாணவர்க்கு உரைப்பது தமிழாசிரியராகிய எமது வழக்கம். பொறியொன்றின் நினைவைப் பெருக்கும் பணியிலும் யாம் ஒருநாள் பங்குகொள்ள நேர்ந்தது. அதிற் கற்றதை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எம் கல்லூரியின் பழைய மாணவரொருவர், எம்மினும் மூத்தவர், ஒருகொடவத்தையில் வசிக்கின்றார். அவரில்லத்தில் இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் பழைய வீட்டுக் கணனியொன்று உண்டு. இங்கிலாந்தின் சின்கிளேயர் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட பொறி அது. 16 கிலோபைட்டு நினைவுடையது 125 பவுணுக்கும், 48 கிலோபைட்டு உடையது 175 பவுணுக்கும் அன்று விற்பனைக்கு வந்தன. அன்பருடையது சிறியது. பள்ளிப் பருவத்தில் நண்பரொருவரின் பெரிய பொறியிலிருந்து, தமிழெழுத்து 247ஐயும் திரையில் வரையும் நிரலொன்றை எழுதி ஒலிநாடாவிற் பதிந்திருந்தார். தம் பொறியில் அது ஒருபோதும் ஏறியதில்லை. "என் பிள்ளைகள் அதை ஒருமுறையேனும் காணவேண்டும்" என்பது அவர் விருப்பம்.

ஏறாமைக்குக் காரணம் எளிய கணக்கே. அப்பொறி ஓரெழுத்துக்கு அளிக்கும் கட்டம் எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உடையது. அதனைச் சேமிக்க 8 பைட்டு வேண்டும். 'ணௌ' போன்ற எழுத்து ஒரு கட்டத்துள் அடங்குமோ? ஆதலின் அன்பர் ஒவ்வோரெழுத்துக்கும் நான்கு கட்டம் ஒதுக்கினார். 247 எழுத்துக்கு 7,904 பைட்டு. 16 கிலோபைட்டு என்பது 16,384 பைட்டு. அதில் திரைப்படிவம் 6,912 பைட்டைக் கொள்ளும். பொறி தன் தேவைக்கும் சிறிது எடுக்கும். எழுத்துக்களை வைத்தபின் நிரலுக்கு எஞ்சுவது ஆயிரம் பைட்டுக்குங் குறைவு.

இனி, நினைவைக் கூட்டும் வகையைக் கூறுவாம். அப்பொறியின் இரண்டாம் பதிப்புப் பலகையில் எட்டு நினைவுச் சில்லுகளுக்கும், அவற்றை நடத்தும் நான்கு துணைச் சில்லுகளுக்கும் இருக்கைகள் வெறிதாக விடப்பட்டுள்ளன. பின்னர் வருவன அமர்தற்பொருட்டு முன்னரே இடமிட்டு வைத்தவாறு. நினைவுச் சில்லு ஒவ்வொன்றும் பைட்டு ஒன்றின் எட்டுப் பிட்டுகளுள் ஒன்றை மட்டுமே தாங்கும். எட்டுங் கூடியே ஓரெழுத்தைச் சுமக்கின்றன. ஒன்று தவறின் எழுத்தே பிழைபடும்.

அச்சில்லுகளின் வரலாறும் சுவையானது. அவை 64 கிலோபிட்டுக்கென ஆக்கப்பட்டு, ஒரு பாதி பழுதெனக் கண்டு ஒதுக்கப்பட்டவை. நல்ல பாதியை மட்டும் கொண்டு 32 கிலோபிட்டுச் சில்லாகக் குறைந்த விலைக்கு விற்றனர். எட்டிலும் நல்ல பாதி ஒரே பக்கத்ததாய் இருத்தல் வேண்டும்; அது எப்பக்கம் என்பதைப் பலகையிலுள்ள சிறு கம்பியிணைப்பு பொறிக்கு உணர்த்தும்.

மாணவர் இருவருடன் அவரில்லஞ் சென்றோம். மின்னிணைப்பை நீக்கி, பொறியின் அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றி, விசைப்பலகையின் மெல்லிய நாடாக்களை மெதுவாக விடுவித்தோம். ஒவ்வொரு சில்லின் வெட்டுக்குறியும் உரிய திசை நோக்குமாறு பொருத்தினோம். பொறி எவ்வளவு நினைவைக் கண்டது என்பது அதன் 23732, 23733 ஆம் இடங்களில் எழுதப்பட்டிருக்கும். பின்னதை 256ஆற் பெருக்கி முன்னதோடு கூட்டினால் கடைசி முகவரி கிட்டும். கூட்டினோம், 32767 என வந்தது. அது பழைய அளவே. அன்பர் முகம் வாடியது.

"சேர், இதை விட்டுவிட்டுப் புதியதொன்று வாங்கலாமே" என்றான் ஒருவன். மற்றவன் மறுமொழி கூறாது விளக்கைச் சரித்துப் பிடித்தான். ஐந்தாஞ் சில்லின் காலொன்று இருக்கையுட் புகாது மடிந்து கிடந்தது! நிமிர்த்திப் பொருத்தி மீண்டும் இயக்கினோம். 65535.

அதற்குமேற் கூட்ட வழியில்லை. அப்பொறியின் மூளையாகிய இசட் 80 சில்லு 16 கம்பிகளால் முகவரி எண்ணுவது. அவற்றால் எண்ணத்தக்கவை 65,536 இடங்களே. அவற்றுள் 16 கிலோபைட்டு, அழியாத நிலைநினைவுக்கு உரியது. 1985இல் ஸ்பானியாவில் முதலில் வெளிவந்த 128 கிலோபைட்டுப் பொறி, நினைவைப் பகுதி பகுதியாக மாற்றிமாற்றிக் காட்டியே அவ்வெல்லையைக் கடந்தது.

ஒலிநாடா சில நிமிடம் இரைந்தது. பின்னர்த் திரையில் 'அ' எழுந்தது; ஒன்றன்பின் ஒன்றாய் 247உம் எழுந்தன. அன்பர் எதுவும் பேசவில்லை. அவர் பிள்ளைகள் எழுத்துக்களை உரத்து வாசித்தனர்.

இக்காலக் கைப்பேசிகளிலும் மடிக்கணனிகள் பலவற்றிலும் நினைவுச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டு விடுகின்றது. வாங்கிய நாளில் உள்ளதே இறுதிவரை உள்ளது. திறக்கவியலாத பொறியைப் பயன்படுத்தலாம். அதனிடம் பயில்வது அரிது. மடிந்த காலைக் கண்ட மாணவன் அன்று கற்றதை யாம் கரும்பலகையிற் கற்பித்திருக்க முடியாது.

பழைய மாணவரே, உம் வீட்டு அலுமாரியில் உறங்கும் பழம்பொறிகளை எறியற்க. அவற்றைத் திறந்து காண இளைய கைகள் இங்கே உள.