ரெனிஸ் மட்டையைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, புகழ்பெற்ற வீரரின் மட்டையே தமக்கும் சிறந்தது எனப் பலர் எண்ணுவர். இது தவறாகும். மட்டை உங்கள் திறன்நிலைக்குப் பொருந்த வேண்டும். கீழுள்ள திணிவுகள் இழை பூட்டாத மட்டைக்குரிய அண்ணளவான பெறுமானங்களாகும்.

1. ஆரம்ப நிலை: 255 – 285 கிராம். தலைப்பரப்பு 645 – 710 சதுர சென்ரிமீற்றர். பரப்பு அகன்றிருப்பதால், நடுவிற் படாத பந்தும் வலையைத் தாண்டிச் செல்ல வாய்ப்புண்டு.

2. இடை நிலை: 285 – 300 கிராம். தலைப்பரப்பு ஏறத்தாழ 645 சதுர சென்ரிமீற்றர். வலிமையும் கட்டுப்பாடும் சமமாகக் கிடைக்கும்.

3. உயர் நிலை: 300 கிராமும் அதற்கு மேலும். தலைப்பரப்பு ஏறத்தாழ 630 சதுர சென்ரிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு. முழு வீச்சினால் வலிமையை வீரரே பெறுவதால், மட்டையிலிருந்து அவர் எதிர்பார்ப்பது கட்டுப்பாடாகும்.

பிடியின் அளவு: மட்டையைப் பிடித்ததும் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் பொருந்துமாயின் அளவு சரியானது. மெல்லிய பிடியை நாடா சுற்றித் தடிப்பாக்கலாம். தடித்த பிடியைக் குறைப்பது கடினம்.

நினைவிற் கொள்க: கைக்கு மீறிய பாரமும் பொருந்தாத பிடியும் முழங்கைத் தசைநாணைப் பாதித்து, "ரெனிஸ் முழங்கை" எனும் உபாதைக்கு வழிவகுக்கலாம். எனவே வாங்குமுன் சில தடவைகள் வீசிப் பாருங்கள். கை விரைவில் களைத்தால், அம்மட்டை இப்போது உங்களுக்குரியதன்று.