இராமேசுவரம் போய்வரலாமா?

மருந்துச்சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்தபின், கதவருகே நின்று தயக்கத்துடன் நோயாளிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இராமேசுவரம் போய்வரலாமா, டாக்டர்?"

மலையடிவாரத்தில் வாழும் திருவண்ணாமலை மக்களுக்கு, 400 கிலோமீட்டருக்கும் அப்பால் கடல் சூழ்ந்த அத்தீவின்மீது தீராத ஈர்ப்பு இருக்கிறது. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும்வரை அடியார்கள் படகிலேயே கடந்தனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. யாத்திரை மட்டும் நிற்கவில்லை. 1988-இல் சாலைப் பாலமும் 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் வந்தன. முன்னோர் கடனைத் தீர்க்கும் இடம் என்பதால், உடல் தளர்ந்த காலத்தில்தான் அந்த ஆசை வலுக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நெடுநாள் நீரிழிவு உடைய முதியவர் ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் விடையளித்தோம், காரணத்தை விளக்கவில்லை. தந்தைக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டியிருந்ததால், எங்களிடம் சொல்லாமலே சென்றார். நண்பகலில் சுட்ட தரையில் வெறுங்காலுடன் நடந்தார். உணர்ச்சி குன்றிய பாதங்களுக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. எங்கள் மறுப்பு அவரைத் தடுக்கவில்லை. உரிய அறிவுரையின்றி அனுப்பிவிட்டது. அதன்பின் விடையை மாற்றிக்கொண்டோம்: பெரும்பாலோர் போகலாம், ஆயத்தத்துடன் போக வேண்டும்.

பாதங்கள்: தரை குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் செல்லுங்கள். கோயிலுக்கு வெளியே காலணியைக் கழற்றாதீர்கள். 22 தீர்த்தங்களில் நீராடும்போது வழியெங்கும் ஈரமாக இருக்கும். முதியவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீராடி முடிந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். இரவில் உள்ளங்கால்களைக் குடும்பத்தினர் ஒருவர் பார்க்க வேண்டும்.

உணவும் மருந்தும்: வெறும் வயிற்றில் நீராடும் வழக்கம் பலருக்கு உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுச்செல்லாதீர்கள். பனிக்கட்டியில் நேராகப் படும்படியும் வைக்காதீர்கள்.

பயணம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடங்கள். மருந்துகளை இரு பைகளில் பிரித்து வைத்து, மருந்துச்சீட்டின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். தீவில் அரசு மருத்துவமனை உண்டு; பெரிய சிகிச்சைக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆறாத காற்புண், அண்மையில் வந்த மாரடைப்பு, மூச்சுத்திணறல், கால் வீக்கம் உடையவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எந்தச் சிகிச்சையும் தவறாதபடி எங்களுடன் கலந்து நாள் குறிக்க வேண்டும்.

ஆகவே, கதவருகே நின்று தயங்க வேண்டாம். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே, அமர்ந்திருக்கும்போதே கேளுங்கள். நீங்கள் போய்வருவது மட்டுமன்று, நலமாகத் திரும்பி வருவதும் எங்கள் விருப்பம்.