சுயவிபரக் கோவையில் அந்த 12 இலக்கங்கள் எதற்கு?

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தாயிற்று, பெறுபேறு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் தொழிற்பயிற்சி நிலையங்களின் விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்குகிறது. நானாட்டான், முருங்கன் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே குழப்பம்: சுயவிபரக் கோவையில் எதை எழுதுவது, எதை விடுவது? பெயரும் பாடசாலையும் எழுத யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மற்றதைப் பார்ப்போம்.

கொமினிகேஷன் கடையில் ‘சீவி ஒன்று அடிக்க வேணும்’ என்றால், கணினியில் ஏற்கெனவே கிடக்கும் கோப்பொன்றைத் திறப்பார்கள். முன்பு வந்த பிள்ளையின் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரைப் போடுவார்கள். பிறகு பிறந்த திகதி, பால், சமயம், விவாக நிலை, அடையாள அட்டை இலக்கம். பதினாறு வயதுப் பிள்ளை தனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டுமாம்! சமயத்தையும் விவாக நிலையையும் துணிந்து வெட்டுங்கள். பிறந்த திகதியையும் பாலையும் வெட்டலாம்தான். ஆனால் அடையாள அட்டை இலக்கம் அங்கே இருக்கும்வரை வெட்டியும் பயனில்லை.

2016 முதல் வழங்கப்படும் இலக்கத்தில் 12 தானங்கள். முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். மிச்சம் தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். 2009 மார்ச் 1 இல் பிறந்த பையனின் இலக்கம் 2009061 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்பிள்ளையினுடையது 2009561. கலண்டரை எண்ணிப் பார்ப்பவர், அது அறுபதாவது நாள் அல்லவா என்பார். இந்தக் கணக்கில் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள்.

1972 இல் அட்டை வழங்கத் தொடங்கிய காலத்துக்கு, பிறந்த நாளை இலக்கத்துக்குள் வைப்பது கெட்டிக்கார யோசனை. கணினி இல்லாத கந்தோரில் எழுதுவினைஞர் ஒருவர் இலக்கத்தைப் பார்த்தே வயதைச் சரிபிழை பார்க்கலாம். இன்றோ சிம் பதிவுக்கும் வங்கிக் கணக்குக்கும் இதே இலக்கம்தான். தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கப்படும் பிறந்த திகதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியான இலக்கம் கடைக் கணினியில் அடுத்த பிள்ளைக்காகத் திறந்து கிடக்கிறது. சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது உண்மை. அதன் முக்கிய கடமைகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டதும் உண்மை.

ஆகவே, அரச விண்ணப்பப் படிவம் கேட்டால் இலக்கத்தை எழுதத்தான் வேண்டும். நீங்களாகத் தயாரிக்கும் கோவையில் வேண்டாம். நேர்முகப் பரீட்சைக்கு அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம். கடையில் வேலை முடிந்ததும் கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.

வெட்டிய இடத்தில் என்ன எழுதுவது? தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகள் கொடுக்கும் ‘தலைமைத்துவம்’, ‘குழுவாக இயங்கும் ஆற்றல்’ எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் இருக்கின்றன. அதனாலேயே அவற்றை யாரும் வாசிப்பதில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை, கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையை எழுதிக் கொடுத்திருக்கலாம். அறுவடையில் நெல் மூட்டைக் கணக்கு வைத்திருக்கலாம். எந்தப் போகம், எத்தனை மூட்டை, கணக்கை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று எழுதுங்கள். அது வேலை அனுபவம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெறுபேறு வரவில்லையே? பரீட்சை எழுதிய வருடமும் பாடங்களும், ‘பெறுபேறு எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற குறிப்பும் போதும்.

என்.வி.கியூ. எடுத்தால் வேலை நிச்சயமா? 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்ட அந்தத் தேசிய தொழில் தகைமை திறமைக்கு அத்தாட்சி. வேலைக்கு அல்ல, கருத்தரங்கு மேடையில் என்ன சொன்னாலும்.

ஊரே சொந்தம், நற்சான்று சொல்ல ‘உறவினரல்லாத இருவர்’ எங்கே கிடைப்பார்கள்? அதிபர், வகுப்பாசிரியர், பங்குத்தந்தை, மௌலவி; பெயரைப் போட முதல் அவர்களிடம் கேளுங்கள்.

படம்? கேட்டால் மட்டும்.

எந்த மொழியில்? விளம்பரம் வந்த மொழியில்.

எத்தனை பக்கம்? ஒன்று.