இறக்கையின் அழுத்த மையமும் அதைக் கணக்கிடும் முறையும்

தபால் அட்டை ஒன்றைக் கிடையாகப் பிடித்து மெதுவாக முன்னோக்கித் தள்ளிவிட்டால், அது மிதந்து செல்வதில்லை. புரண்டு புரண்டு தரையில் விழுகிறது. அதே அட்டையின் நீண்ட விளிம்பு ஒன்றில், அட்டையின் எடைக்கு ஏறத்தாழச் சமமான எடையுள்ள மெல்லிய கம்பியை ஒட்டி, அவ்விளிம்பு முன்னே இருக்குமாறு விட்டால், அது வழுக்கிச் சென்று சீராக இறங்குகிறது. அட்டையின் பரப்பும் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. எடை தாக்கும் இடம் ஒன்றே மாறியது. காற்றின் விசை எவ்விடத்தில் தாக்குகிறது, எடை எவ்விடத்தில் தாக்குகிறது என்னும் இவ்விரண்டின் பொருத்தத்தைக் கொண்டே பறக்கும் பொருள் நிலைத்துச் செல்வதும் கவிழ்வதும் அமைகின்றன. ஆகாய விமானத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

அழுத்த மையம் என்பது யாது?

விமான இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள நேர்கோட்டை நாண் என்பர். இறக்கை காற்றைக் கிழித்துச் செல்லும்போது, அதன் மேற்பரப்பில் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்பரப்பில் கூடியும் இருக்கும். இவ்வேறுபாடே இறக்கையை மேலே தூக்குகிறது. ஆனால், இவ்வேறுபாடு நாண் முழுவதும் ஒரே அளவாக இராது. முன்விளிம்பின் அருகே மிகுந்தும், பின்விளிம்பை நெருங்க நெருங்கக் குறைந்தும் காணப்படும். பரவிக் கிடக்கும் இவ்விசைகள் அனைத்தையும் ஒரே விசையாகத் திரட்டினால், அது நாணின்மீது எப்புள்ளியில் தாக்குமோ அப்புள்ளியே அழுத்த மையம் எனப்படும்.

கணக்கிடும் முறை

பள்ளிகளில் கற்பிக்கப்படும் நெம்புகோல் விதியே இக்கணக்கிற்குப் போதுமானது. விசையை அதன் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். எல்லாத் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையை எல்லா விசைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அழுத்த மையத்தின் தூரம் கிடைக்கும்.

உதாரணமாக, 100 சென்டிமீட்டர் நாணுள்ள இறக்கையில் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டு, நாணை 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஐந்து பட்டைகளாகப் பிரித்ததாகக் கொள்வோருக்குக் கணக்கு எளிதாகும். முன்னிருந்து பின்னாக அப்பட்டைகளின்மீது மேல்நோக்கித் தாக்கும் விசைகள் முறையே 100, 60, 36, 18, 6 நியூட்டன் என்க. பட்டைகளின் நடுப்புள்ளிகள் முன்விளிம்பிலிருந்து 10, 30, 50, 70, 90 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளன. ஆகவே திருப்புத்திறன்கள் 1000, 1800, 1800, 1260, 540; இவற்றின் கூட்டுத்தொகை 6400. விசைகளின் கூட்டுத்தொகை 220. முன்னதைப் பின்னதால் வகுத்தால், அழுத்த மையம் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 29 சென்டிமீட்டரில் உள்ளது என்பது பெறப்படும்.

காற்றுச் சுரங்கங்களில் மாதிரி இறக்கையின் பரப்பில் நுண்ணிய துளைகளிட்டு, ஒவ்வொரு துளையிலும் உள்ள அழுத்தத்தை அளந்து இக்கணக்கைச் செய்வர். முன்விளிம்பின் அருகே அழுத்தம் விரைந்து மாறுவதால், அங்கே துளைகளை நெருக்கமாக அமைப்பது அவசியம். அங்கு நேரும் சிறு பிழையும் விடையைப் பெரிதும் மாற்றிவிடும்.

இடம் பெயரும் மையம்

இம்மையம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று என்பதே இப்பொருளில் முக்கியமாக அறியத்தக்கது. காற்றோட்டத்திற்கும் நாணுக்கும் இடையேயுள்ள தாக்குகோணம் மாறுந்தோறும் அதுவும் நகரும். தட்டையான பலகையில் தாக்குகோணம் கூடினால் அழுத்த மையம் பின்னே நகரும். அதனால் முன்முனை தாழ்ந்து, பலகை பழைய நிலைக்குத் திரும்பும். விமானத்தில் பயன்படும் வளைந்த இறக்கையிலோ, சாதாரணமாகப் பறக்கும் கோணங்களில், நேர்மாறான விளைவு ஏற்படுகிறது. கோணம் கூடினால் மையம் முன்னே நகர்ந்து முன்முனையை மேலும் உயர்த்தும். கோணம் குறைந்தால் பின்னே நகர்ந்து முன்முனையை மேலும் தாழ்த்தும். சிறு பிழை தானே பெரும் பிழையாக வளரும்.

இவ்வுண்மையை ரைட் சகோதரர்கள் 1901-ஆம் ஆண்டில் ஆபத்தான முறையில் அறிந்தனர். அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே மணற்குன்றுகளில் அவர்கள் பறக்கவிட்ட மிதவை விமானம் முன்முனை தாழ்ந்து பாய முற்பட்டது. காரணத்தைக் கண்டறிய, மேல் இறக்கையை மட்டும் தனியே கழற்றிப் பட்டம்போலப் பறக்கவிட்டுச் சோதித்தனர். காற்று வலுத்துத் தாக்குகோணம் குறைந்தபோது, அழுத்த மையம் பின்னே சென்று முன்விளிம்பு கீழே இழுக்கப்பட்டதை அவர்கள் கண்டனர். உடனே இறக்கையின் வளைவைக் குறைத்தனர். பின்னர் டேட்டன் நகரில் சிறியதொரு காற்றுச் சுரங்கம் அமைத்துப் பலவகை இறக்கை வடிவங்களை அளந்தறிந்தனர். 1903 டிசம்பர் 17-இல் கிட்டிய வெற்றிக்கு இவ்வளவீடுகள் அடிப்படையாயின.

நாணின் காற்பங்குப் புள்ளி

நகரும் மையத்தை வைத்துக் கணக்கிடுவது தொல்லை தருவது. இதற்கு எளிய மாற்று வழி உண்டு. ஒலியின் வேகத்தைவிடக் குறைந்த வேகங்களில், முன்விளிம்பிலிருந்து நாணின் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளியைப் பற்றிய திருப்புத்திறன், தாக்குகோணம் மாறினும் ஏறத்தாழ மாறுவதில்லை. இதனைக் காற்றியக்க மையம் என்பர். இதன் உதவியால் அழுத்த மையத்தை ஒரே வரியில் கணக்கிடலாம். திருப்புத்திறன் குணகத்தைத் தூக்குவிசைக் குணகத்தால் வகுத்து, வரும் ஈவை 0.25-லிருந்து கழித்தால், அழுத்த மையத்தின் தூரம் நாணின் பின்னமாகக் கிடைக்கும். முன்முனையைத் தாழ்த்தும் திருப்புத்திறனுக்கு எதிர்க்குறி இடவேண்டும்.

திருப்புத்திறன் குணகம் −0.05 உள்ள இறக்கையைக் கருதினால், தூக்குவிசைக் குணகம் 1.0 ஆகும்போது அழுத்த மையம் நாணின் 0.30 பங்கில் இருக்கும். குணகம் 0.5 ஆனால் 0.35, 0.2 ஆனால் 0.50, 0.1 ஆனால் 0.75. குணகம் 0.05 ஆகும்போது விடை 1.25 என வரும். அதாவது மையம் இறக்கைக்கும் அப்பால் வெற்றிடத்தில் விழும். தூக்குவிசை முற்றும் அற்ற நிலையில் விடையே கிடையாது. அப்போது இறக்கையைச் சுழற்றும் விசையிரட்டை மட்டுமே எஞ்சும். அழுத்த மையம் கணக்கின் விளைவேயன்றி, இறக்கையில் குறியிட்டு வைக்கத்தக்க நிலையான இடமன்று என்பது இதனால் தெளிவாகும்.

நடைமுறைப் பயன்

இறக்கையின் இக்குறையைப் போக்கவே விமானத்திற்கு வால் இறக்கை அமைக்கப்படுகிறது. ஆயினும், அதன் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஆதலின், பயணிகளையும் சரக்கையும் ஏற்றும்போது விமானத்தின் ஈர்ப்பு மையம் குறித்த எல்லைகளுக்குள் இருக்குமாறு கணக்கிட்டே ஏற்றுகின்றனர். எடை பெரிதும் பின்னே சென்றுவிட்டால், விமானியின் திறமையும் பயன்படாமற் போகலாம்.

ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றியக்க மையம் நாணின் நடுப்பகுதியை நோக்கிப் பின்னே நகர்கிறது. 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்டு விமானத்தில், இம்மாற்றத்தை ஈடுசெய்ய எரிபொருளைப் பின்புறத் தொட்டிக்கு மாற்றி, ஈர்ப்பு மையத்தையும் உடன் நகர்த்தினர்.

தொடக்கத்தில் கூறிய தபால் அட்டையைக் கொண்டே வகுப்பில் இவற்றை விளக்கலாம். கம்பி ஒட்டிய அட்டையை பென்சிலின்மேல் நிறுத்தினால், 9 சென்டிமீட்டர் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டரில் சமநிலை பெறுவதைக் காணலாம். இது காற்பங்குத் தூரமே. பின்னர் அட்டையை மேற்புறம் குவியுமாறு சற்று வளைத்துவிட்டால் அது முன்முனை தாழ்ந்து பாயும். அதன் பின்விளிம்பைச் சிறிது மேலே மடித்துவிட்டால் மீண்டும் சீராகப் பறக்கும். ரைட் சகோதரர்கள் மணற்குன்றில் எதிர்கொண்ட சிக்கலையும் அதற்கான தீர்வுகளுள் ஒன்றையும் மாணவர்கள் இவ்வாறு தம் கையாலேயே செய்து அறியலாம்.